விசிறி ஓடுகிறது, சூடு வரவில்லை: ட்ரெய்லர் பேர்னஸ் குறித்து ஒரு திருத்தம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் இலையுதிர்கால முகாம் பற்றி வெளியான பக்கத்தின் அடியில் ஒரு சிறு பெட்டிக் குறிப்பு இருந்தது. வண்டியின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் ட்ரெய்லரில் உள்ள பேர்னஸ், அதாவது எரிவாயுவால் உள்ளே சூடாக்கும் கருவி, இரவில் வேலை செய்யாமல் போனால் பதற வேண்டியதில்லை, சமையல் அடுப்பைப் பற்றவைத்து அரை மணி நேரம் எரியவிட்டால் உள்ளே போதிய சூடு வந்துவிடும் என்பது அதன் சாரம். எழுதியவர் நல்லெண்ணத்துடன்தான் எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கனடாவில் அக்டோபரில் வரும் நன்றியறிதல் நாள் நீண்ட வார இறுதிக்கு நம்மவர்கள் பலர் ட்ரெய்லர்களை இழுத்துக்கொண்டு வடக்கே புறப்படக் காத்திருக்கும் இவ்வேளையில், அந்தக் குறிப்பு திருத்தப்படாமல் நிற்கக் கூடாது. என் கடிதம் சற்று நீளமானது, பொறுத்தருள்க. அடுப்பைப் பற்றவைக்காதீர்கள் என்று மட்டும் எழுதிவிட்டால், குளிரில் நடுங்கும் பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பேர்னஸ் ஏன் நின்றது, அதை எப்படிக் கண்டறிவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் எரிவாயுத் தொழில்நுட்பவியலாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். 24 அடி நீளமான பழைய ட்ரெய்லர் ஒன்றைப் பதினொரு வருடங்களாக வைத்திருக்கிறேன். அதன் பேர்னஸ் எனக்குப் பலமுறை பாடம் புகட்டியிருக்கிறது.

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பேர்னஸும் அதே புரொப்பேன் எரிவாயுவைத்தானே எரிக்கிறது, அடுப்பில் எரித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் எரிப்பது ஒன்றையேதான். எரிக்கும் இடம் வேறு. ட்ரெய்லரின் பேர்னஸ், தான் எரிப்பதற்கு வேண்டிய காற்றை வெளிச்சுவரில் உள்ள ஒரு துளை வழியாக வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளிவிடுகிறது. நாம் மூச்சுவிடும் காற்று, மூடிய இரும்பு அறை ஒன்றின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடேறித் திரும்புகிறதே தவிர, சுடரைத் தொடுவதே இல்லை. அடுப்போ நாம் மூச்சுவிடும் காற்றையே தின்று, எரிந்ததன் மிச்சம் முழுவதையும் நம்மிடமே விட்டுவிடுகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். காலையில் ட்ரெய்லரின் கண்ணாடிகளிலும் மெத்தையின் அடியிலும் வடிகிற தண்ணீர் அதுதான். அதைத் துடைத்துவிடலாம். மூடிய சிறு அறையில் ஒட்சிசன் குறையக் குறைய, சுடர் சரிவர எரியாமல் வெளிவிடும் காபனோரொட்சைட்டை, அதாவது நாம் இங்கே காபன் மொனொக்சைட் என்று சொல்லும் நச்சுவாயுவை, அப்படித் துடைத்துவிட முடியாது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வரும்போது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுகிறோம். இறைச்சி வாட்டும் கரியடுப்பை உள்ளே கொண்டுவருவது இதைவிடப் பல மடங்கு மோசம்; தணல் சாம்பல் பூத்துப் புகை அடங்கிய பிறகும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும்.

ஒன்ராறியோ மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என நால்வர் இந்த வாயுவால் இறந்தனர். அவர்கள் வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அதைக் கண்டறியும் அலாரம் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி 2013இல் இயற்றப்பட்ட ஹோக்கின்ஸ்-கினியாக் சட்டத்தால்தான் இன்று நம் வீடுகளில் இந்த அலாரம் கட்டாயமாகியிருக்கிறது. பெரிய வீடொன்றிலேயே நடந்தது, நாலடி எட்டு வைத்தால் சுவரில் முட்டும் ட்ரெய்லருக்குள் நடக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

இனிப் பேர்னஸுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் செப்டம்பர் மாதத்தில் என் பேர்னஸ் சூடு தர மறுத்தது. விசிறி ஓடும், குளிர்காற்று வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ட்ரெய்லரை ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்கு இழுத்துச் சென்றேன். அவர்கள் இரண்டு நாள் வைத்திருந்து, பேர்னஸின் மின்சுற்றுப் பலகை பழுதாகிவிட்டது என்று கூறி, புதியதை மாட்டி, 340 டொலர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய முற்றத்தில் என் கண்முன்னே பேர்னஸ் ஒழுங்காக எரிந்தது. நானும் திருப்தியுடன் வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம், நன்றியறிதல் நாள் வார இறுதிக்கு அல்கொன்குயின் பூங்காவின் மியூ லேக் முகாமுக்குப் போனோம். 1893இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் முகாம் அது. மின்சார வசதியுள்ள இடங்கள் எல்லாம் முன்பே பதிவாகிவிட்டதால் எங்களுக்கு மின்சாரமில்லாத இடமே கிடைத்தது. நெடுஞ்சாலை 60இன் இருபுறமும் மேப்பிள் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருந்தன. இருட்டியதும் வெப்பம் பூச்சியத்தை நோக்கி இறங்கியது. உள்வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற்றைத் திருகினேன். விசிறி ஓடியது, சூடு வரவில்லை. 340 டொலருக்கு முன்பு கேட்ட அதே குளிர்காற்று.

அன்று இரவு, பேத்திக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அவளை எண்ணச் சொன்னேன். ட்ரெய்லர் பேர்னஸ் ஒன்றை வேலைக்கு அழைத்தால், அது தன் வேலைகளை எப்போதும் ஒரே வரிசையில்தான் செய்யும். தெர்மோஸ்ராற் கேட்டதும் முதலில் விசிறி ஓடத் தொடங்கும். எரியறைக்குள் பழைய வாயு ஏதும் தங்கியிருந்தால் அதை வெளியே ஊதித் தள்ளுவதற்காக விசிறி மட்டும் பதினைந்து, இருபது விநாடி போல ஓடும். பின்னர் எரிவாயு வால்வ் திறக்கும் சிறிய 'டக்' ஒலியும், அதனுடன் தீப்பொறி தட்டும் 'டிக் டிக் டிக்' ஒலியும் கேட்கும். ஒன்றிரண்டு விநாடியில் மெல்லிய 'வுஃப்' என்று சுடர் பிடிக்கும். பிடிக்காவிட்டால் இப்போதைய மின்சுற்றுப் பலகைகள் பொதுவாக மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, வால்வைப் பூட்டிக்கொண்டு ஓய்ந்துவிடும். இந்த வரிசை எந்த இடத்தில் அறுகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டால், பழுது எங்கே என்பதில் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பேத்தி அறுபது வரை எண்ணிவிட்டு, "அம்மப்பா, டிக் டிக் வரவே இல்லை" என்றாள்.

தீப்பொறி ஒலியே வராவிட்டால், எரிவாயுவின் மீது குற்றம் சொல்வதற்கு இன்னும் நேரம் வரவில்லை. விசிறியின் காற்றோட்டத்தில் மெல்லிய தகடு ஒன்று பாய்போல நிற்கும்; அதைத் தாங்கும் சுவிட்சைப் பாய்ச் சுவிட்ச் என்றே சொல்லலாம். விசிறி தன் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டினால்தான் அந்தத் தகடு சாய்ந்து சுவிட்சை மூடும். அது மூடாதவரை வால்வும் திறக்காது, பொறியும் தட்டாது. எரியறையைக் குளிர்விக்கப் போதிய காற்று இல்லாமல் தீ மூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. விசிறி ஓடுகிறது என்று நாம் சொல்லும்போது, அது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று நம் காதுக்குத் தெரிவதில்லை. தகடு அதைச் சரியாக அறிந்துவைத்திருக்கிறது.

விசிறியை மெதுவாக ஓடவைப்பது பெரும்பாலும் பற்றரிதான். இந்தப் பேர்னஸ்கள் 12 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை, 10.5 வோல்றுக்குக் கீழே போனால் அவை ஒழுங்காக இயங்கா. முழுதாக மின்னேற்றிய ஈய-அமிலப் பற்றரி, சும்மா இருக்கும்போது 12.6, 12.7 வோல்ற் காட்டும். 12.2 காட்டினால் பாதி போய்விட்டது என்று பொருள். ஆனால் சும்மா இருக்கும் பற்றரியில் அளந்து பயனில்லை. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, பேர்னஸுக்குள் நுழையும் கம்பியில் அளக்க வேண்டும். அன்று நான் கைவிளக்கு வெளிச்சத்தில் மல்ரிமீற்றர் என்னும் மின்னளவுக் கருவியை வைத்து அளந்தேன். பற்றரியின் முனைகளில் 12.1, பேர்னஸின் வாயிலில் 10.2. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வோல்ற் எங்கோ தொலைந்துகொண்டிருந்தது. கம்பியைத் தொடர்ந்து போனபோது, பற்றரியின் எதிர்முனைக் கம்பியை ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்துடன் இணைக்கும் போல்ற், பல வருட ஒன்ராறியோ வீதி உப்பில் ஊறி, பச்சையும் செம்மண் நிறமுமாகத் துருப்பிடித்திருப்பதைக் கண்டேன். அரத்தாள் கொண்டு இரு பக்கமும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கினேன். மீண்டும் தெர்மோஸ்ராற்றைத் திருகியபோது பேர்னஸின் வாயிலில் 11.5 வோல்ற். பேத்தி பதினெட்டு எண்ணும்போது டிக் டிக் கேட்டது.

பழுதுபார்க்கும் நிலையத்தின் முற்றத்தில் அது ஏன் ஒழுங்காக எரிந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ட்ரெய்லரைக் கட்டட மின்சாரத்தில் செருகி வைத்திருந்தார்கள். அப்படிச் செருகினால் ட்ரெய்லருக்குள் இருக்கும் மின்மாற்றுப் பெட்டி 13.6 வோல்ற் அளவில் நேர்மின்னோட்டத்தைத் தந்துகொண்டிருக்கும். கெட்ட இணைப்பில் கொஞ்சம் தொலைந்தாலும் விசிறிக்குப் போதியது மிஞ்சிவிடும். புதிய பலகை மாட்டாமல் இருந்திருந்தாலும் அந்த முற்றத்தில் அது எரிந்திருக்கும். அந்த நிலையத்தார் என்னை ஏமாற்றினார்கள் என்று நான் கருதவில்லை. அளக்காமல் மாற்றினார்கள், அவ்வளவுதான். நம்மவர்கள் ட்ரெய்லரைத் திருத்தக் கொடுக்கும்போது, மின்சாரத்தைக் கழற்றிவிட்டு வெறும் பற்றரியில் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்று தெரிந்திருந்தால் 340 டொலர் மிஞ்சியிருக்கும்.

கதை அத்துடன் முடியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலு மணியளவில் பேர்னஸ் மறுபடியும் நின்றது. இம்முறை போல்ற்றின் மீது பழி இல்லை, கணக்கின் மீதுதான். நடுத்தர அளவான பேர்னஸின் விசிறி ஏழு ஆம்பியர் வரை இழுக்கும். சிறியவை மூன்று ஆம்பியருடன் நிற்கும், பெரியவை எட்டையும் தாண்டும். குளிர் இரவில் மணிக்கு அரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணி செலவு. பொதுவாக ட்ரெய்லர்களில் வரும் ஒற்றைப் பற்றரி 75 அல்லது 80 ஆம்பியர்-மணி கொண்டது. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். உறைநிலைக் குளிரில் அதன் கொள்ளளவிலும் ஐந்தில் ஒரு பங்கு போல குறைந்துவிடும். ஆக, புதிய பற்றரியே ஓரிரவைத் தாங்கினால் பெரிது. என்னுடையது ஆறு வயதுப் பற்றரி. மனைவி அடுத்த நாள் காலை தேநீர் ஊற்றிக்கொண்டே, இதை வீட்டிலேயே எண்ணிப் பார்த்திருக்கலாமே என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இரண்டு பற்றரிகள் வைத்திருக்கிறேன். படுக்கும்போது தெர்மோஸ்ராற்றைப் பதின்மூன்று பாகை செல்சியசுக்கு இறக்கிவிட்டுத் தடித்த போர்வைகளை எடுத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் தங்கள் குறிப்பு எனக்கு மிகவும் அச்சமூட்டுகிறது. ட்ரெய்லர்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் எரிவாயு அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் பெரும்பாலும் அதே 12 வோல்ற் பற்றரியில் இருந்துதான் உயிர்வாழ்கின்றன. பேர்னஸை நிறுத்திய பற்றரி மேலும் இறங்கிச் செத்துவிட்டால், அலாரமும் அதனுடன் செத்துவிடும். குளிர் தாங்காமல் ஒருவர் அடுப்பைப் பற்றவைக்கும் நேரமும், அவரை எழுப்ப வேண்டிய அலாரம் ஊமையாகியிருக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆகவே சிறிய பற்றரியில் தானாக இயங்கும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை, பொருத்தப்பட்டிருப்பதற்கு மேலதிகமாக, படுக்கைக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். அலாரங்களின் முதுகில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். பழைய ட்ரெய்லர் வாங்கியவர்கள் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது கத்துகிறது என்பதற்காக வாயுவையும் உணரும் என்று சொல்ல முடியாது.

இனி, பொறி தட்டும் ஒலி கேட்கிறது, சுடர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் எரிவாயுப் பக்கம் திரும்பலாம். சமையல் அடுப்பை இதற்கு, இதற்கு மட்டும், பயன்படுத்தலாம்: ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு அருகிலேயே நின்று, ஒரு சுடரைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும். சுடர் நீலமாக, திடமாக எழுந்தால் குழாயில் வாயு ஒழுங்காக வருகிறது. புதிய சிலிண்டர் மாட்டிய பிறகு குழாயில் காற்று நின்றிருந்தால் அதுவும் இவ்வழியில் வெளியேறிவிடும். சுடர் சோம்பலாகக் குறுகி எரிந்தால், பெரும்பாலும் நாம்தான் காரணம். அவசரத்தில் சிலிண்டரின் வால்வை ஒரே திருகில் முழுதாகத் திறந்துவிட்டால், அதன் இணைப்பில் உள்ள பாதுகாப்புத் தடுப்பு எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி வாயுவை நூலளவாகச் சுருக்கிவிடும். அந்த நூலில் அடுப்பு ஒருவாறு எரியும், பேர்னஸ் எரியாது. எல்லாக் கருவிகளையும் அணைத்து, சிலிண்டரையும் மூடி, சில நிமிடம் பொறுத்து, மிக மெதுவாகத் திறந்தால் தடுப்பு விலகிவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

குளிரில் எரிவாயு உறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். புரொப்பேனின் கொதிநிலை மறை 42 பாகை செல்சியஸ். அல்கொன்குயின் அக்டோபர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நமக்கு இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் நாம் பழகிய சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. 2021இன் கடைசியில் இலங்கையில் சிலிண்டர் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபோது அந்தக் கலவையின் விகிதம் பற்றி எழுந்த சர்ச்சையைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பியூட்டேன் பூச்சியத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஆகையால்தான் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சமைக்கும் கையடக்க அடுப்பின் பியூட்டேன் டப்பா உறைபனிக் காலையில் பற்றாமல் அடம்பிடிக்கிறது. ட்ரெய்லரின் முன்னால் நிற்கும் 20 இறாத்தல் சிலிண்டருக்கு அந்த நோய் கிடையாது. அது வெறுமையாகியிருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்: மணிக்கு 30,000 பி.ரி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் பேர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் ஒரு நிரம்பிய சிலிண்டர் பதினாலு மணி நேரம்தான் வரும். சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் திகதியிலிருந்து பத்து வருடம் கடந்துவிட்டால், மறுபரிசோதனை செய்யாமல் கனடாவில் அதை நிரப்பித் தரமாட்டார்கள் என்பதையும் புறப்படுவதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

சுடர் பிடித்துச் சில விநாடியில் அணைந்துவிடுகிறது என்றால் கதை வேறு. பேர்னஸின் பலகை, சுடர் உண்மையாகவே எரிகிறதா என்பதை அந்தச் சுடரின் ஊடாக ஓடும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டு அறிகிறது. மின்முனையில் கரி படிந்திருந்தாலோ, நான் மேலே சொன்னதுபோல் உலோக இணைப்பு துருப்பிடித்திருந்தாலோ, சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே அது எரியவில்லை என்று முடிவுசெய்து வால்வை மூடிவிடும். குளவியும் இதே வேலையைச் செய்யும். கோடையில் ட்ரெய்லர் முற்றத்தில் சும்மா நிற்கும்போது மண்குளவிகள் வெளிச்சுவரின் துளைகளுக்குள் மண்ணால் கூடு கட்டிவிடும். சிலந்திகளும் எரிகுழாய்க்குள் வலை பின்னும். அதைத் தடுக்கவென்று கடைகளில் சிறிய கம்பிவலைகள் விற்கிறார்கள். பேர்னஸ் செய்பவர்களின் கையேடுகள் அவற்றைப் போட வேண்டாம் என்றே சொல்கின்றன, காற்றோட்டத்தைக் குறைத்துவிடும் என்பதால். நான் வலை போடுவதில்லை. புறப்படுவதற்கு முதல் வாரம் கைவிளக்கால் துளைக்குள் பார்க்கிறேன்.

நன்றாகச் சூடேறிக்கொண்டிருந்து, இடையில் சுடர் மட்டும் அணைந்து, விசிறி ஓடி, மறுபடி சுடர் பிடித்து என்று தடுமாறினால், பேர்னஸ் அளவுக்கு மீறிச் சூடாகித் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். காற்றுத் திரும்பும் கம்பித்தட்டியின் முன்னால் யாரோ பயணப்பெட்டியையோ அரிசி மூட்டையையோ வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் காலணிப் பெட்டிதான். விசிறி ஓடவே இல்லையென்றால் முதலில் பியூஸையும் பற்றரியையும் தெர்மோஸ்ராற்றையும் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் எழுதிவிட்டு ஓர் எல்லையையும் சொல்லாவிட்டால் தங்கள் குறிப்பு செய்த தவறையே நானும் செய்தவனாவேன். கேட்பது, எண்ணுவது, வோல்ற் அளப்பது, பற்றரி இணைப்பைத் துலக்குவது, தூசி தட்டுவது, சிலிண்டரை மூடித் திறப்பது ஆகியவற்றுடன் நம் வேலை முடிந்துவிட வேண்டும். எரிவாயுக் குழாய், வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர், வால்வ், எரியறை இவற்றில் கைவைக்க ஒன்ராறியோவில் ரி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் பெற்றவருக்கே அனுமதி உண்டு. வாயுவின் அழுத்தம், 11 அங்குல உயர நீர்த்தூணின் அழுத்தம் என்ற மிக மெல்லிய அளவில் இருக்க வேண்டியது. அதை அளக்கும் கருவி இல்லாமல் ரெகுலேற்றரைத் திருகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. பாய்ச் சுவிட்சை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் எரியும் என்று ஒரு நண்பர் எனக்குச் சொன்னார். எரியும்தான். விசிறி நின்ற பிறகும் எரியக்கூடும், எரியறை அளவுக்கு மீறிச் சூடாகும்வரை எரியக்கூடும். ஆகையால்தான் அதைச் செய்யக் கூடாது. அழுகிய முட்டைபோல எரிவாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, சிலிண்டரை மூட வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது கூரையால் போகாமல் தரையில், பிள்ளைகள் படுத்திருக்கும் மட்டத்தில், தேங்கி நிற்கும்.

இரவு இரண்டு மணிக்கு ஒன்றும் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் விடை எளியது: வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு, அல்கொன்குயின் என்றால் ஹன்ட்ஸ்வில் நகர் வரை போய் ஏதாவது விடுதியில் தங்குங்கள், அல்லது வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். நின்ற இடத்தில் வண்டியின் இயந்திரத்தை ஓடவிட்டு அதற்குள் உறங்குவதும் அதே வாயுவின் இன்னொரு வாசல்தான்.

அடுப்பு பற்றிய அந்தக் குறிப்பு தவறானது என்பதை, நீண்ட வார இறுதிக்கு முந்திய இதழிலேயே, அது வெளியான அதே பக்கத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் முழுவதற்கும் இடம் போதாவிட்டால் என் 340 டொலர் கதையையும் குளவியையும் தாராளமாக வெட்டிவிடலாம். அடுப்பு பற்றிய பத்தியையும், பற்றரியுடன் அலாரமும் செத்துவிடும் என்ற பத்தியையும் மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஏஜாக்ஸ், ஒன்ராறியோ